பட்டி போட்ட தூண்கள்

அந்தக் கட்டடத்தில் எட்டு வீடுகள். இரண்டாவது மாடிப் பெரியவரை மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் மேனேஜர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் எந்தக் காலத்திலும் எதற்கும் மேனேஜராக இருந்ததில்லை. வாழ்நாளெல்லாம் சாரத்தில் ஏறி நின்று சுவருக்கு வண்ணம் அடித்த மனிதர். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். "பெயின்ட் கம்பெனியில மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர்" என்று மகன் பட்டென்று சொல்லிவிட்டான். அதில் பெயின்ட் என்ற ஒரு சொல் மட்டும் நிஜம். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அந்தக் கனைப்பை ஆமாம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் அந்த வேஷத்தை அவரால் கழற்ற முடியவில்லை. மகன் இந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வீடு வாங்கி அப்பா அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டபோது, மேனேஜர் பட்டமும் சாமான் வண்டியில் ஏறி வந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, கக்கத்தில் செய்தித்தாள். நகக்கண்ணில் ஊறிப்போயிருந்த வண்ணத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் போக்கினார். தெருவில் எங்கேயாவது சாரம் கட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார். ஒரு நாள் அப்படியும் மாட்டிக்கொண்டார். கூடவே வேலை பார்த்த பழைய கூட்டாளி, அவன் உயரத்தைப் பார்த்து இவரே ஏணி என்று பட்டப்பெயர் வைத்திருந்த ஆள், மூன்றாம் மாடி உயரத்தில் இருந்து "அண்ணே! அண்ணே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மகன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். இவர் காது கேட்காதவர் மாதிரி நடந்து போய்விட்டார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவருடைய மனைவி அவரை ஒரு வழி பண்ணிவிடுவாள். "மேனேஜரய்யா, கொஞ்சம் தண்ணி பிடிச்சு வைக்கிறீங்களா, இல்ல ஆபீசுக்கு நேரமாயிடுச்சா?" என்பாள். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போவார். பழைய வேலையின் மிச்சமாக ஒரே ஒரு பொருளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். பட்டி போடுகிற தகடு. சுவரில் இருக்கிற குழி, கீறல், வெடிப்பு எல்லாவற்றையும் மெழுகி மறைக்கிற வெள்ளை மாவுக்குத்தான் பட்டி என்று பெயர். வண்ணம் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பட்டி போடுவதற்குக் கை வேண்டும், அவருக்கு அந்தக் கை இருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் பூமி ஆடியது. ரொம்ப இல்லை. பாத்திர அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, ஜனங்கள் துண்டோடும் வாயில் பல்பசை நுரையோடும் படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினார்கள். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம், கீழே முழுக்க வண்டி நிறுத்துமிடம், மேலே வீடுகள், கீழ்த் தூண்கள் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. இந்தக் கட்டடமும் அதே அச்சுதான். கீழே சுவரே கிடையாது. ஒல்லித் தூண்கள், கார்கள், படிக்கட்டுக்கு அடியில் மூலையில் ஒரு டெய்லர் கடை. ஆடி அடங்கியதும் போய்ப் பார்த்தால் நான்கு தூண்களில் வெடிப்பு ஓடியிருந்தது.

பக்கத்துத் தெருக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தவர் மேல் மாடி நர்ஸம்மா. அங்கே என்ன பார்த்தார் என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம், தன்னுடைய இரண்டு பெண் குழந்தைகளையும் ஷூ போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னார். சத்தம் கேட்டால் கண்ணாடி மேல் மிதித்துக்கொண்டும் ஓட வேண்டுமாம்.

சின்ன அடுக்குமாடிக் கட்டடங்களை நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி பலப்படுத்த அரசாங்கம் மானியம் தருகிறது என்று தேடிக் கண்டுபிடித்ததும் நர்ஸம்மாதான். தூணுக்குத் தூண் இரும்புச் சட்டம் நிறுத்தி, அஸ்திவாரத்தோடு பிணைத்து, தேவையான இடத்தில் சுவர் எழுப்புவார்கள். பெரும்பங்கு அவர்கள் தருவார்கள், மீதி வீட்டுக்காரர்களுடையது. இதற்கு விதிமுறைகள் என்று ஒரு தனிப் புத்தகம். எல்லா வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும், கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர் வேலை முடிகிறவரை காலி செய்யச் சம்மதிக்க வேண்டும், கார்கள் தெருவுக்குப் போக வேண்டும். எட்டு வீட்டுக்காரர்களை ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவதைவிடப் பூமியை இன்னொரு தரம் ஆட்டிவிடலாம். நர்ஸம்மா விடவில்லை. தூக்கக் கண்ணோடு ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். கடைசிவரை இழுத்தடித்தவர் டெய்லர். "கடைய மூடிட்டு நான் எங்க போய் உக்காருவேன்?" என்றார். கேட்டது நியாயம்தான். கடைசியில் அந்தக் குழந்தைகளின் ஷூவை ஒரு நாள் பார்த்துவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பத்தோடு தூண் வெடிப்புகளையும் படமெடுத்து அனுப்பியாகிவிட்டது. விதிமுறைப் புத்தகத்தைப் படித்து மற்றவர்களுக்குப் புரியவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது.

"மேனேஜர் சார், நீங்கதான் படிக்கணும். இந்த ஆபீஸ் பாஷையெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் கார்க்காரர். முதல் மாடியில் இருக்கும் அவருக்கு அந்தப் பெயர் வந்தது, பெற்ற பிள்ளைகளின் முகத்தைவிடக் காரை அதிக தரம் துடைப்பதால்.

மேனேஜர் சார் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். முதல் பக்கம் படித்தார், புரிகிற மாதிரி இருந்தது. இரண்டாம் பக்கம் படித்தார், புரியாத மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பக்கத்தின் தலையில் ஆரம்பித்துக் காலில் முடிந்தது. புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நர்ஸம்மா உட்கார்ந்து விளக்கியிருப்பார். மேனேஜருக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அடுத்த கூட்டத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "பயப்படும்படி ஒண்ணும் இல்ல. ஆய்வு பண்ண ஒரு இன்ஜினியர் வருவாங்க. நாம ஒத்துழைக்கணும், அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் படிக்காமல் விட்ட பக்கத்தில்தான் இருந்தது அந்த விதி. ஆய்வு முடிகிறவரை தூண்களில் பூச்சு, பட்டி, வண்ணம் எதுவும் படக்கூடாது, பட்டிருந்தால் அந்தக் கட்டடம் இந்தச் சுற்றில் தகுதி பெறாது.

இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே புலம்பினாள். "அதிகாரி வர்றாங்களாம், நம்ம பார்க்கிங்க பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு மாமா. தூணெல்லாம் வெடிச்சு, தரித்திரம் பிடிச்ச மாதிரி. என்ன ஜனங்கன்னு நினைச்சுக்குவாங்க?"

அவள் சும்மாதான் சொன்னாள். அவருக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் பெருக்கித் துடைத்து, கிழிந்த மெத்தை மேல் நல்ல விரிப்பைப் போட்டு வைக்கிறோம் இல்லையா? அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலையும் அதுதான். ஆளாளுக்கு வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில், பெட்டிக்கு அடியில் இருந்து தகட்டை எடுத்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் பட்டி மாவும் ஒரு சின்ன டப்பா வண்ணமும் வாங்கினார். தெரிந்த கடைக்கு வேண்டுமென்றே போகவில்லை.

தூணின் மேல் பாகம் எட்டவில்லை. டெய்லர் கடைக்குப் போய், "ஒரு ஸ்டூல் கிடைக்குமா?" என்றார். டெய்லர் தைத்துக்கொண்டே காலால் ஸ்டூலை நகர்த்தி விட்டார். தகட்டையும் பார்த்தார், அவர் கையையும் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

அந்த மத்தியானம் அவருக்கு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வெடிப்பைச் சுரண்டித் திறந்து, தூசி தட்டி, ஈரம் காட்டி, பட்டியை உள்ளே அழுத்தி இழுத்தபோது, தகடு தூணில் உரசுகிற அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். வண்ணத்தில் துளித் துளியாகக் கறுப்பும் பழுப்பும் கலந்து, பழைய தூணின் அழுக்கு நிறத்துக்கே கொண்டுவந்தார். புதுசு என்று தெரியாமல் புதுசு செய்வது பெரிய வித்தை. சாயங்காலம் எல்லோரும் வந்து கார்களை நிறுத்தினார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மறுநாள் வந்த இன்ஜினியர் ஒரு இளம்பெண். கையில் சின்னச் சுத்தியல், கக்கத்தில் கோப்பு. கோப்பில் இருந்த படத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படத்துல வெடிப்பு இருக்கு. தூணுல இல்லையே?"

சுத்தியலால் தட்டினார். நகத்தால் கீறி, விரலில் ஒட்டிய வெள்ளைத் தூளை ஊதினார்.

"யாரோ மூடியிருக்காங்க. ரொம்பக் கை தேர்ந்த ஆளா இருக்கணும். படம் இல்லன்னா நானே ஏமாந்திருப்பேன்."

அந்த ஒரு நொடி அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பின்னாட்களில் அவர் எதை நினைத்து அதிகம் கூசினார் என்றால், அந்த நிமிர்வை நினைத்துத்தான். அடுத்த நொடியே இன்ஜினியர் விதியைச் சொன்னார். வெடிப்பின் ஆழமும் போக்கும் தெரியாமல் எந்தத் தூணுக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட முடியாது. மறைத்திருப்பது தெரிந்தால் கட்டடத்தைப் பட்டியலில் இருந்து தூக்கிவிடுவார்கள். அடுத்த சுற்று எப்போது வரும், வருமா என்பதே சந்தேகம். ஒரே ஒரு வழி உண்டு. மூடிய ஆள் யார், எங்கே, எதைக் கொண்டு மூடினார் என்று எழுதிக் கொடுத்து, இன்ஜினியர் முன்னால் அதை உடைத்து எடுத்தால் மறு ஆய்வு செய்யலாம்.

"அடுத்த வாரம் இதே நாள் வரேன். அதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லுங்க" என்று போய்விட்டார்.

நர்ஸம்மா தூணில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க இவரால் முடியவில்லை. இதோ சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப்போன நேரத்தில் கார்க்காரரின் குரல் மூலையில் இருந்து கேட்டது.

"எல்லாரும் இங்க வந்து பாருங்க!"

டெய்லர் கடை ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அதன் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பட்டிச் சொட்டுகள்.

"கடைய மூடணும்னு வயித்தெரிச்சல்ல பண்ணின வேலை இது. கையெழுத்துப் போடறதுக்கே எத்தனை இழு இழுத்தான், மறந்துட்டீங்களா? கை வேலை தெரிஞ்சவன் வேற."

டெய்லர் வாசலில் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டூல் என்னுதுதான். வேலை என்னுது இல்ல."

"அப்ப யாருது?"

டெய்லர் கூட்டத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எல்லோர் மேலும் போய், இவர் மேல் வந்து, நகர்ந்து போயிற்று. "அது எனக்கெதுக்குங்க" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தார். இவர் இஸ்திரிச் சட்டையும் பேனாவுமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். சொல்ல வேண்டிய நேரம் அது. பட்டி போட்டது நான் என்றால், உனக்கெப்படிப் பட்டி போடத் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மகன் பெண் பார்க்கப் போன நாள்வரைக்கும் எல்லாம் உடைய வேண்டும். மகனும் அங்கேதான் நின்றுகொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்துவிடாதீர்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

மேலே வந்ததும் மனைவி அவரைத் திருப்பி நிறுத்திப் பின்னங்கழுத்தைத் தடவினாள். "காதுக்குப் பின்னாடி பட்டி ஒட்டிட்டு இருக்கு, மேனேஜரய்யா" என்றாள். கிண்டலாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. "அந்த மனுஷன் பாவம் இல்லையா? போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார். சொல்லவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. கட்டடத்தில் ஒருவரும் டெய்லரிடம் துணி கொடுக்கவில்லை, கொடுத்திருந்ததையும் பாதித் தையலில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கார்க்காரர் போகிறபோதெல்லாம், "எழுதிக் குடுத்துடுய்யா, எத்தனை பேர் உயிரு" என்று குத்திவிட்டுப் போனார். ஒரு நாள் காலையில் இவர் தண்ணீருக்கு இறங்கும்போது நர்ஸம்மாவின் சின்னப் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் ஷூவோடு தூங்கிக் குதிகால் புண்ணாகிவிட்டது, அம்மா வந்து மருந்து போடக் காத்திருந்தாள். இவரைப் பார்த்து, "குட் மார்னிங் மேனேஜர் தாத்தா" என்றாள். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி ஏறினார்.

இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் கூட்டம் போட்டு டெய்லரை வரவழைத்தார்கள். காகிதமும் பேனாவும் தயாராக இருந்தன.

"செய்யாததை எப்படிங்க எழுதறது?" என்றார் டெய்லர்.

அப்போது இவர் எழுந்துவிட்டார்.

"அவரை விடுங்க. அதைச் செஞ்சது நான்."

கார்க்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா! இதுக்குப் பேருதான் பெரிய மனுஷன்கிறது. ஒரு தொழிலாளியக் காப்பாத்தறதுக்குப் பழியத் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க. சார், மேனேஜரா இருந்த உங்களுக்குப் பட்டி போடத் தெரியும்னு சொன்னா யாரு நம்புவா?"

"அப்பாவுக்கு இளகின மனசு" என்றான் மகன் அவசர அவசரமாக. "யாராவது கஷ்டப்பட்டா தாங்காது."

நான் மேனேஜர் இல்லை. மூன்றே வார்த்தை. தொண்டைவரை வந்தது. அவர் கனைத்துக்கொண்டார். அதே கனைப்பு, அன்றைக்குப் பெண் வீட்டில் கனைத்த அதே கனைப்பு. யாரோ கைதட்டினார்கள். ஒருவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். டெய்லர் அவரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை. அந்தக் கைதட்டலுக்கு நடுவே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப்போல அவர் தன் ஆயுளில் வேறெப்போதும் கேவலப்பட்டதில்லை.

மறுநாள் இன்ஜினியர் வந்தபோது எல்லோரும் கீழே கூடியிருந்தார்கள். ஆள் யார் என்று கேட்டதற்குக் கார்க்காரர் கடைப் பக்கம் கையைக் காட்டினார். மிஷின் சத்தம் நின்றது. இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடைக்குப் போனார். சட்டைப் பையில் பேனா இல்லை.

"டெய்லர், அந்தச் சாக்குக்கட்டியக் கொஞ்சம் குடுங்க."

துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி. டெய்லர் எடுத்துக் கொடுத்தார். அவர் வழவழவென்று இருந்த முதல் தூணுக்கு முன்னால் போய் நின்று, கோடு இழுக்க ஆரம்பித்தார். கீழே வலது மூலையில் தொடங்கி, மேலே சாய்வாக ஏறி, நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை பின்பக்கம் வளைந்து போயிற்று. அதை முடித்து அடுத்த தூண். அப்புறம் அதற்கடுத்தது. எங்கும் நிற்கவில்லை, யோசிக்கவில்லை. விரல் அழுத்தி அழுத்திப் போன வழி விரலுக்கு மறக்குமா?

"அப்பா, போதும். வாங்க மேல" என்றான் மகன்.

அவர் திரும்பவில்லை. வீட்டில் இருந்து கொண்டுவந்த உளியையும் சுத்தியலையும் எடுத்து, தான் போட்ட பட்டியைத் தானே கொத்த ஆரம்பித்தார். வெள்ளைப் பொடி இஸ்திரிச் சட்டை மேலெல்லாம் விழுந்தது. பட்டி உதிர்ந்த இடத்தில், சாக்குக்கட்டி எப்படிப் போயிருந்ததோ அப்படியே, கிளை பிரிந்த இடத்தில் கிளை பிரிந்து, வெடிப்பு இருந்தது. கார்க்காரருக்குத் தன் காரின் கண்ணாடியில் ஏதோ துடைக்க வேண்டியிருந்தது.

எல்லாம் கொத்தி முடித்த பிறகு இன்ஜினியர் காகிதத்தை எடுத்தார். "நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதிக்கறேன். உங்க தொழில்?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் கணவனைப் பார்த்தாள்.

"பெயின்டர்" என்றார். "பட்டி வேலை. நான் எங்கயும் மேனேஜரா இருந்ததில்லங்க. புஸ்தகத்தையும் நான் முழுசாப் படிக்கல. படிச்ச மாதிரி சொன்னேன்."

சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. நர்ஸம்மா கிட்டே வந்தார். கத்துவார் என்று இவர் காத்திருந்தார்.

"என் பிள்ளைங்க இன்னும் ஷூ போட்டுத்தான் தூங்குதுங்க, சார்" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார். பழக்கத்தில் சார் என்று வந்துவிட்டது போலும், சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

கட்டடம் பட்டியலில் தங்கிவிட்டது. சில வாரத்தில் அனுமதியும் வந்தது. மகன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருமகள் கணவனிடம் பேசுவதில்லை. கார்க்காரர் மட்டும் எல்லோரிடமும் எப்போதும்போல் பேசினார், டெய்லரிடம்கூட. மன்னிப்பு என்கிற வார்த்தையைத்தான் அவர் வாயில் யாரும் கேட்கவில்லை.

கடையைக் காலி செய்கிற நாளில் இவர் தகட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். மூன்று தெரு தள்ளி டெய்லருக்கு ஒரு தற்காலிக இடம் கிடைத்திருந்தது. தையல் மிஷின் வண்டியில் ஏறிவிட்டது. ஸ்டூல் மட்டும் வெளியே கிடந்தது. இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதில் காய்ந்திருந்த பட்டிச் சொட்டுகளைச் சுரண்டப் போனார்.

"அதத் தொடாதீங்க" என்றார் டெய்லர். "மூடினதும் போதும், சுரண்டினதும் போதும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இவர் தகட்டை மடியில் வைத்துக்கொண்டார். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமில்ல?"

"நீங்க தகட்டைப் பிடிச்சிருந்த பிடியிலயே தெரிஞ்சுபோச்சு. மேனேஜருங்க அப்படிப் பிடிக்க மாட்டாங்க."

"அப்ப ஏன் என் பேரைச் சொல்லல?"

டெய்லர் கத்திரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டே யோசித்தார். "நான் சொன்னா நம்பவா போறாங்க? அதுவும் இல்லாம, நம்ம ஆளுதானே, தானே வந்து சொல்லுவாருன்னு இருந்தேன். கொஞ்சம் லேட் பண்ணிட்டீங்க."

நம்ம ஆள். டெய்லர் அவமானப்பட்டதை இவர் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்த அத்தனை நாளும் அந்த மனிதன் இவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவருக்கு இப்படி வலித்திருக்காது.

"ஸ்டூல நான் தூக்கிட்டு வரேன்" என்றார்.

"உங்க இஷ்டம்."

ஸ்டூலைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவோடு நடந்தார். முன்னால் டெய்லரின் வண்டி போயிற்று. இரண்டாவது தெருவில் ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். பழக்கத்தில் கால் எதிர்ப்பக்கம் திரும்பியது, அவர் அதை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடி உயரத்தில் ஏணி நின்றுகொண்டு பட்டி இழுத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. உயரம் மட்டும் குறையவில்லை.

"டேய், ஏணி!" என்று கூப்பிட்டார்.

மேலே தகடு நின்றது. ஏணி குனிந்து பார்த்தான். தோளில் ஸ்டூலோடு நின்ற ஆளை நன்றாகவே பார்த்தான். பிறகு காது கேட்காதவன் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தகடு உரசுகிற சத்தம் மறுபடியும் கேட்டது.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவர் ஸ்டூலைக் கீழே இறக்கி வைத்தார், கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி இன்னொரு தரம் கூப்பிட்டார்.